மருந்து விளையும் சிறுநகரம்

நெல் விளையும் ஊர், புகையிலை விளையும் ஊர், வெங்காயம் விளையும் ஊர் என்று ஊர்களை அவற்றின் விளைவைக் கொண்டு குறிப்பிடுவது நம்மவர் வழக்கம். மருந்து விளையும் ஊர் ஒன்று உண்டெனச் சொன்னால், அங்கே பெரியதொரு மூலிகைத் தோட்டம் இருக்கிறதென்றே பலரும் எண்ணுவர். ஆனால், மூலிகை ஒன்றேனும் பயிரிடாமல், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிரைப் பெரும் உருக்குத் தொட்டிகளில் வளர்த்து, அதனிடமிருந்து மருந்தை அறுவடை செய்யும் ஊர் ஒன்று வட ஐரோப்பாவில் இருக்கின்றது. டென்மார்க் நாட்டின் சீலந்துத் தீவில், தலைநகராகிய கொப்பன்ஹேகனுக்கு மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவிற் கடலோரமாக அமைந்துள்ள கலுண்ட்போர்க் என்பதே அவ்வூர். ஐந்து கோபுரங்களையுடைய பழைய தேவாலயம் ஒன்றும், ஆழமான துறைமுகம் ஒன்றும், பதினாறு பதினேழாயிரம் மக்களுமே அதன் செல்வம். எனினும், உலகம் பயன்படுத்தும் இன்சுலினில் ஏறக்குறையப் பாதி அச்சிறுநகரிலிருந்தே செல்கிறதென மதிப்பிடப்படுகின்றது.

டேனிய மக்கள் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். 1620ஆம் ஆண்டில் அவர்களுடைய கப்பல்கள் திருகோணமலைக்கு வந்தன. கண்டி மன்னனுடன் உடன்படிக்கை செய்து அங்கே கோட்டை கட்ட முயன்று, அது கைகூடாமற் போகவே, அதே ஆண்டிற் தஞ்சை நாயக்க மன்னனிடம் உரிமை பெற்றுத் தரங்கம்பாடியில் அவர்கள் குடியேறினர். அன்று மிளகுக்காக நம் கடலுக்கு வந்த அந்த நாட்டாரின் மருந்துக்காக இன்று நாம் காத்திருக்கின்றோம். இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? சுரங்கச் செல்வமோ பரந்த நிலமோ இல்லாத, ஆறு மில்லியன் மக்களை மட்டும் கொண்ட ஒரு நாடு, உயிர்ப்பொருள்களைக் கொண்டு மருந்தாக்கும் தொழிலில் உலகின் முன்வரிசைக்கு வந்தது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை காண்பது நம் மாணவருக்கும் பெற்றோருக்கும் பயன்தரும்.

இன்சுலின் என்பது யாது?

நீரிழிவு என்று நூல்களும், சலரோகம், சீனி வருத்தம் என்று பேச்சுவழக்கும் குறிப்பிடும் நோயை அறியாத குடும்பம் இன்று நம்மிடையே இல்லை. வயிற்றினுள் இரைப்பைக்குப் பின்னே கிடக்கும் சதையி என்னும் உறுப்பு, இன்சுலின் என்ற புரதத்தைச் சுரக்கின்றது. இரத்தத்திலுள்ள வெல்லத்தை உடலின் கலங்கள் ஏற்றுக்கொள்வதற்கு இப்புரதம் துணைசெய்கின்றது. நடுவயதிற் தோன்றும் நீரிழிவை உணவுக் கட்டுப்பாட்டாலும் குளிசையாலும் பெரும்பாலும் அடக்கிவைக்கலாம். சிறுவயதிற் தோன்றும் மற்றொரு வகை அத்தகையதன்று. அந்நோயுற்ற குழந்தையின் சதையி இன்சுலினை அறவே சுரக்காது போகும். வெளியிலிருந்து இன்சுலின் கொடாவிடில் அக்குழந்தை பிழைக்காது.

1922ஆம் ஆண்டுக்கு முன்னர், அத்தகைய குழந்தைகளைப் பட்டினி போட்டு ஆயுளைச் சில மாதங்கள் நீட்டிப்பதையன்றி மருத்துவர்கள் செய்யக்கூடியது வேறொன்றும் இருக்கவில்லை. கனடாவின் தொரன்ரோ நகரில் பன்ரிங், பெஸ்ட், மக்லியொட், கொலிப் ஆகியோர் விலங்குகளின் சதையியிலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. சாவின் வாயிலில் நின்ற அவன் தேறினான். அந்தச் செய்தி உலகெங்கும் பரவியது.

ஒரு தம்பதியரின் பயணம்

அக்காலத்திற் கொப்பன்ஹேகனில் ஓகஸ்ட் குரோக் என்ற உடற்றொழிலியற் பேராசிரியர் வாழ்ந்தார். மயிர்த்துளைக் குழாய்களில் இரத்தம் பாயும் முறையை ஆராய்ந்து 1920ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர் அவர். அவர் மனைவி மேரி குரோக் மருத்துவர்; நீரிழிவு நோயாளியுங்கூட. 1922ஆம் ஆண்டில் விரிவுரைகள் நிகழ்த்துவதற்காகக் குரோக் அமெரிக்கா சென்றபோது, அம்மையாரும் உடன்சென்றார். தொரன்ரோவிற் செய்யப்படும் புதுமருந்தைக் கண்டு வருமாறு கணவரைத் தூண்டியவர் அவரே. குரோக் தொரன்ரோவுக்குச் சென்று, ஸ்கந்திநேவிய நாடுகளில் இன்சுலின் செய்வதற்கான அனுமதியைப் பெற்றுத் திரும்பினார்.

ஊர் திரும்பிய குரோக், மேரியின் மருத்துவரான ஹாகெடோர்ண் என்பவருடன் சேர்ந்து, அந்த ஆண்டு டிசம்பர் முடியுமுன்னரே இன்சுலினைப் பிரித்தெடுத்துவிட்டார். 1923 மார்ச்சில் நோயாளருக்கு அது வழங்கப்பட்டது. மருந்து வணிகரான கொங்ஸ்டெட் என்பவர் பொருளுதவி செய்தார். இவ்வாறு அவ்வாண்டிலே நோர்டிஸ்க் இன்சுலின் ஆய்வுகூடம் தோன்றியது.

அவ்வாய்வுகூடத்திற்கு வேண்டிய பொறிகளைச் செய்தவர் ஹரால்ட் பீடர்சன் என்பவர். அவருடைய சகோதரர் தோர்வால்ட் இரசாயன வேலைகளைக் கவனித்தார். தோர்வால்டுக்கும் ஹாகெடோர்ணுக்கும் ஒத்துப்போகவில்லை. 1924ஆம் ஆண்டிற் தோர்வால்ட் வேலையினின்றும் நீக்கப்படவே, ஹரால்டும் தாமாக விலகினார். சகோதரர் இருவரும் வீட்டின் நிலவறையிற் தம் முயற்சியைத் தொடங்கி, 1925ஆம் ஆண்டில் நோவோ என்ற பெயரில் இன்சுலினை விற்கலாயினர். ஒரு சிறிய நாட்டில் இரண்டு இன்சுலின் நிறுவனங்கள்! 1989ஆம் ஆண்டில் இரண்டும் ஒன்றாகி நோவோ நோர்டிஸ்க் ஆகும் வரையில், அறுபதாண்டுகளுக்கு மேலாக அவை போட்டியிட்டன. அந்தப் போட்டி இரண்டையும் அழிக்கவில்லை, வளர்த்தது. 1936ஆம் ஆண்டில் ஹாகெடோர்ண் மீனிலிருந்து பெற்ற ஒரு புரதத்தைச் சேர்த்து, நெடுநேரம் வேலைசெய்யும் இன்சுலினை உருவாக்கினார். நாளொன்றுக்குப் பலமுறை ஊசி குத்தப்பட்ட குழந்தைகளுக்கு அது பெரும் ஆறுதலாயிற்று.

மதுச்சாலை கற்பித்த பாடம்

இத்தனை விரைவில் அந்நாட்டார் இதனைச் செய்ய முடிந்தது தற்செயலாகவன்று. நிலம் ஏற்கனவே பண்படுத்தப்பட்டிருந்தது. அப்ப மாவுக்குக் கள் விட்டுப் புளிக்கவைக்கும் நம் பெண்கள், மதுவம் என்னும் நுண்ணங்கியின் வேலையைப் பெயரறியாமலே அறிவர். ஒருநாள் மா பூப்போலப் பொங்குவதும், மற்றொருநாள் வேண்டாத புளிப்பேறிப் பழுதாவதும் ஏன்? இதே கேள்வி 19ஆம் நூற்றாண்டின் மதுவடிப்போரையும் வருத்தியது. 1847ஆம் ஆண்டிற் கார்ல்ஸ்பேர்க் மதுச்சாலையைத் தொடங்கிய ஜே. சி. ஜேக்கப்சன், இதற்கு விடைகாணும்பொருட்டு 1875ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுகூடத்தை நிறுவினார். அடுத்த ஆண்டில் அதனைப் பேணுவதற்கு ஒரு தருமநிதியத்தையும் ஏற்படுத்தினார்.

வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய எமில் கிறிஸ்தியன் ஹான்சன், அந்த ஆய்வுகூடத்தில் ஒரே ஒரு மதுவக் கலத்தைத் தனியே பிரித்து, அதிலிருந்து கலப்பற்ற மதுவத்தை வளர்க்கும் முறையை 1883ஆம் ஆண்டிற் கண்டார். ஜேக்கப்சன் அதை இரகசியமாக வைத்திருந்து பிறரை வீழ்த்தியிருக்கலாம். அவரோ அதனைப் பிற மதுச்சாலைகளுக்கும் இலவசமாக வழங்கினார். அதே ஆய்வுகூடத்தில், உணவிலுள்ள நைதரசனை அளந்து புரதத்தின் அளவைக் கணிக்கும் முறையைக் கெல்டால் 1883இற் கண்டார். அமிலத்தன்மையைக் குறிக்கும் பீ. எச். அளவையை 1909இற் சோரன்சன் வகுத்தார். நம் பாடசாலை ஆய்வுகூடங்களிற் பாசிச்சாயத் தாளை நனைத்துப் பார்க்கும் மாணவர்கள், பீ. எச். என்ற சொல் ஒரு மதுச்சாலையிற் பிறந்தது என்பதை அறிந்தால் வியப்படைவர்.

மதுச்சாலை ஒருபுறமிருக்க, கமத்தொழிலும் கைகொடுத்தது. 1880களிலே டேனியக் கமக்காரர் கூட்டுறவுப் பாற்சாலைகளையும் கூட்டுறவு இறைச்சிச் சாலைகளையும் அமைத்துவிட்டனர். பாலை உறையவைத்துப் பாற்கட்டி செய்வதற்கான நொதியத்தை 1874ஆம் ஆண்டிலேயே கிறிஸ்தியன் ஹான்சன் என்ற மற்றொருவர் சாலையிற் தயாரித்து விற்கத் தொடங்கியிருந்தார். இன்சுலினுக்கு வேண்டிய பன்றிச் சதையிகள் அந்த இறைச்சிச் சாலைகளிற் குவிந்து கிடந்தன. ஆகவே, பல்கலைக்கழகத்தின் அறிவும், மதுச்சாலையின் அனுபவமும், கமக்காரரின் கூட்டுறவும் ஒன்று சேர்ந்த இடத்திலே இன்சுலின் தொழில் முளைத்தது. ஒரு பிரதேசத்தின் வலிமை என்பது இத்தகைய சேர்க்கையேயாம்.

பன்றியிலிருந்து மதுவத்துக்கு

எனினும், பன்றியை நம்பியிருப்பதற்கு ஓர் எல்லை உண்டு. எட்டு அவுன்ஸ் இன்சுலினுக்கு ஏறக்குறைய இரண்டு தொன் சதையி வேண்டியிருந்தது. நோயாளரின் தொகையோ ஆண்டுதோறும் பெருகியது. மேலும், பன்றியின் இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் ஒரு சிறு வேற்றுமை உண்டு. இன்சுலின் 51 அமினோ அமிலங்களாலான மாலை. பிரித்தானிய அறிஞர் சங்கர் 1955ஆம் ஆண்டளவில் அதன் மணிகளின் வரிசையை முழுமையாக வெளிப்படுத்தினார். பன்றியின் மாலையில் ஒரே ஒரு மணி மட்டும் வேறுபட்டிருந்தது.

1978ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள், மனித இன்சுலினுக்குரிய பரம்பரையலகைப் பற்றீரியாவுக்குள் புகுத்தி, அப்பற்றீரியாவையே இன்சுலின் செய்யவைத்தனர். 1982இல் அம்மருந்து அங்கே அங்கீகாரம் பெற்றது. டேனியரோ தமக்கு நன்கு பழக்கமான மதுவத்தையே நாடினர். ரொட்டியையும் மதுவையும் பொங்கவைக்கும் அதே மதுவத்திற்கு மனித இன்சுலின் செய்யும் கட்டளையைப் புகுத்தி, 1987ஆம் ஆண்டில் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தனர். நூறாண்டுகளுக்கு முன் ஹான்சன் தனித்தெடுத்த ஒற்றை மதுவக் கலத்தின் பாடம் இவ்வாறு உயிர்காக்கும் கலையாயிற்று.

தொட்டிக்குள் நடப்பது

கலுண்ட்போர்க்கின் சாலைகளில் நடைபெறும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். குளிரில் உறையவைத்துப் பேணப்படும் விதை மதுவத்திற் சிறிதளவை எடுத்து, ஒரு குடுவையில் வளர்ப்பர். அது பெருகியதும் சிறு தொட்டிக்கும், பின்னர் பெருந்தொட்டிக்கும் மாற்றுவர். நாற்றுமேடையிலிருந்து வயலுக்கு நாற்றை மாற்றுவது போன்றதே இச்செயல். தொட்டிக்குள் வெல்லமும் உப்புகளும் காற்றும் இடையறாது செலுத்தப்படும். வெப்பம், காற்று, பீ. எச். ஆகிய மூன்றும் அளவு தவறாது காக்கப்படும். வேண்டாத நுண்ணங்கி ஒன்று புகுந்துவிட்டாலும் தொட்டி முழுவதும் பழுதாகிவிடும். ஆதலாற் தொட்டியும் குழாயும் கொதிநீராவியினாற் சுத்தமாக்கப்படுகின்றன.

மதுவம் இன்சுலினின் முன்வடிவத்தைச் செய்து, சுற்றியுள்ள திரவத்திலே விடுகின்றது. மதுவத்தைச் சுழற்றிப் பிரித்தபின், அந்த முன்வடிவத்தை நொதியங்களால் நறுக்கிச் செப்பனிட்டு, பல படிகளில் வடித்துத் தூய்மையாக்கிப் பளிங்காக்குவர். இறுதியிற் கிடைப்பது சிறிதளவு வெண்பொடி. அந்தப் பொடியே உலகெங்குமுள்ள நோயாளருக்குச் செல்லும் மருந்தாகின்றது.

இந்தத் திறமையும் ஒருநாளில் வந்ததன்று. 1941இல், இன்சுலின் எடுத்தபின் எஞ்சிய சதையியிலிருந்து தோல் பதனிடுவதற்கான நொதியத்தை நோவோ எடுத்தது. 1947இற் பெனிசிலினை நொதித்தல் முறையாற் செய்தது. கழிவிலிருந்து தொடங்கிய அந்த நொதியத் தொழில், பின்னர் தனி நிறுவனமாகப் பிரிந்து, 2024இற் பழைய பாற்கட்டி நொதிய நிறுவனத்துடன் இணைந்து நோவோனெசிஸ் என்னும் பெரும் நிறுவனமாகத் திகழ்கின்றது.

ஒருவர் கழிவு மற்றவர் செல்வம்

கலுண்ட்போர்க்கை உலகம் போற்றுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பனையின் ஒரு பாகத்தையும் வீணாக்காத யாழ்ப்பாணத்தவர்க்கு அக்காரணம் எளிதில் விளங்கும். அந்நகரில் ஒரு மின்நிலையம், ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம், சுவர்ப்பலகை செய்யும் சாலை, மருந்துச் சாலை ஆகியன அருகருகே அமைந்தன. நிலத்தடி நீர் அருமையான இடமாதலால், 1961ஆம் ஆண்டில் எண்ணெய் நிலையத்துக்கென ரிஸ்ஸோ ஏரியிலிருந்து நீர் கொணரப்பட்டது. 1972இல் எண்ணெய் நிலையம் எரித்து வீணாக்கிய வாயு, சுவர்ப்பலகைச் சாலைக்கு எரிபொருளாகக் கொடுக்கப்பட்டது. 1982இல் மின்நிலையத்தின் நீராவி மருந்துச் சாலைக்குக் குழாய்வழியே சென்றது. நொதித்தலில் எஞ்சிய சாறு வயல்களுக்கு உரமாயிற்று. எஞ்சிய மதுவம் பன்றிகளுக்குத் தீனியாயிற்று. புகையிலிருந்த கந்தகத்தை நீக்கும்போது கிடைத்த ஜிப்சம், 1993 முதற் சுவர்ப்பலகையாயிற்று.

இவற்றை எந்த அரசாங்கமும் கட்டளையிட்டுச் செய்விக்கவில்லை. சிறிய ஊராதலால், சாலைகளின் முகாமையாளர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். இருவர் பேசினர், இருவருக்கும் இலாபம் என்று கண்டனர், குழாய் போட்டனர். ஊர் சிறிதாயிருப்பதும் சில வேளைகளில் ஒரு வலிமைதான்.

செல்வம் யாருக்கு?

தொரன்ரோ அறிஞர்கள் இன்சுலினின் உரிமையைத் தலைக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திற்குக் கொடுத்தனர். டென்மார்க்கிலும் அறநோக்கு முற்றாக மறையவில்லை. நோவோ நோர்டிஸ்க்கின் பங்குகளில் நான்கிலொன்றுக்குச் சற்று மேலாகவும், வாக்குகளில் நான்கில் மூன்றளவும் ஒரு தருமநிதியத்தின் கையில் இருக்கின்றன. அதனால் அயல்நாட்டார் எவரும் அதனை எளிதில் வாங்கிவிட முடியாது. இலாபத்தின் ஒரு பகுதி ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் திரும்பிச் செல்கின்றது. கலுண்ட்போர்க்கிலேயே அண்மைக்காலத்தில் உயிர்த்தொழினுட்பப் பொறியியற் கல்வியும் தொடங்கப்பட்டுள்ளது. தொட்டிகளைக் கண்காணிக்கும் தொழிலாளிக்கும் அந்நாட்டில் முறையான தொழிற்பயிற்சி உண்டு.

ஆயினும், ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவது நேர்மையாகாது. நீரிழிவுக்கும் உடற்பருமனைக் குறைப்பதற்கும் உதவும் செமாகுளூட்டைட் என்னும் புதுமருந்தினால் அந்நிறுவனம் பெரும்பொருள் ஈட்டியது. 2023ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலேயே மிக மதிப்புள்ள நிறுவனமாயிற்று. அதே ஆண்டிற் கலுண்ட்போர்க்கில் 42 பில்லியன் குரோனருக்கு மேலாக முதலிடப்போவதாக அறிவித்தது. பின்னர் போட்டி கடுமையாகிப் பங்குகள் சரிந்தன. 2025 செப்டெம்பரில் உலகெங்கும் ஏறக்குறைய 9,000 பேரை வேலையினின்றும் நீக்கப்போவதாக அறிவித்தது. அவர்களில் 5,000 பேர் டென்மார்க்கினர். ஒரே நிறுவனத்தின் நிழலில் வாழும் ஊருக்கு அந்நிழல் குறுகும்போது வெயில் சுடும்.

நோயாளர் பக்கமாகப் பார்த்தால் கவலை இன்னும் பெரிது. 2024ஆம் ஆண்டிற் தென்னாபிரிக்காவின் அரசாங்க வைத்தியசாலைகளுக்கு அந்நிறுவனம் மனித இன்சுலின் பேனைகளை வழங்குவதை நிறுத்திக்கொண்டது. அங்குள்ள நோயாளர் மீண்டும் குப்பியையும் ஊசியையும் நாடவேண்டியதாயிற்று. உலகில் இன்சுலின் செய்யும் பெரிய நிறுவனங்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். அவற்றுள் ஒன்று ஒரு முடிவை எடுத்தால், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள ஒரு தாய் தன் குழந்தையுடன் மருந்துச்சாலை மருந்துச்சாலையாக அலைய நேரிடும்.

நாம் சிந்திக்க வேண்டியது

இலங்கையர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றியபோது, வைத்தியசாலைகளில் மருந்துகள் அருகிப்போனதை யாவரும் கண்டோம். பேராசிரியர் சேனக்க பிபிலே அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை 1971இல் உருவாக்க முன்னின்றதன் நோக்கம், நல்ல மருந்து நியாயமான விலையில் ஏழைக்கும் கிடைக்கவேண்டும் என்பதேயாம். மலிவாக வாங்கும் அறிவு ஒன்று. தாமே செய்யும் அறிவு மற்றொன்று. முன்னையதை அவர் நமக்குக் காட்டிச் சென்றார். பின்னையதில் நாம் செல்லவேண்டிய தூரம் அதிகம்.

நாளையே இங்கு ஒரு கலுண்ட்போர்க் எழும் என்று சொல்வது பேதைமை. அந்நகரின் இன்றைய நிலைக்குப் பின்னே நூற்றைம்பது ஆண்டு உழைப்பு இருக்கின்றது. ஆனால், அந்த உழைப்பு தொடங்கிய இடத்தை நாம் கவனிக்கவேண்டும். தம் நாட்டில் ஏற்கனவே இருந்த மதுவடித்தல், பால், பன்றி ஆகிய எளிய தொழில்களை அவர்கள் இகழவில்லை. அவற்றுள் விஞ்ஞானத்தைப் புகுத்தினர். கள்ளும் கருப்பநீரும் தயிரும் மீனும் உள்ள நாட்டில், அவை ஏன் பழுதாகின்றன, எந்த நுண்ணங்கி நல்லது, எது தீயது என்று ஆராய்வதற்கு அடுக்களையும் பாடசாலை ஆய்வுகூடமும் போதிய தொடக்கங்களே.

நம் பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் பிள்ளைகள் எல்லோரையும் வைத்தியராக்கவே நாம் விரும்புகின்றோம். ஒரு சில புள்ளிகள் குறைந்து மருத்துவபீடம் கிடையாத பிள்ளை, வீட்டிற் துக்கம் நிகழ்ந்ததுபோல முகங்கவிழ்ந்து திரிவதை ஆண்டுதோறும் ஆசிரியர்கள் காண்கின்றனர். வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மருந்தை யார் செய்வது? நுண்ணங்கியியல் கற்றவன், இரசாயனம் கற்றவள், பொறிகளை அறிந்தவன், தொட்டியின் வெப்பமானியை இராமுழுதும் விழித்திருந்து கவனிப்பவள் ஆகிய இவர்களின்றி வைத்தியரின் கை வெறுங்கையே. ஹரால்ட் பீடர்சன் வைத்தியர் அல்லர், பொறி செய்தவர். ஹான்சன் வர்ணம் பூசியவர். அவர்களுடைய உழைப்பினால் உயிர்பெற்ற குழந்தைகளின் தொகையை எவரால் எண்ண முடியும்?

மாணவர்களே, உங்கள் ஆய்வுகூட மேசையிலுள்ள நுணுக்குக்காட்டியை அலட்சியமாக எண்ணாதீர்கள். அதன் அடியில் தெரியும் மதுவக் கலம் மிகச் சிறியது. அதனை நன்கு அறிந்துகொண்ட ஒரு சிறிய நாடு, தன் கடற்கரையிலுள்ள ஒரு சிறிய ஊரைக் கொண்டு உலகின் பெருநோய் ஒன்றுக்கு மருந்தளிக்கின்றது. சிறுமை அளவிலில்லை, அறியாதிருப்பதிலே உள்ளது.